பள்ளிக்கரணை ஓரத்து இரண்டு ஏக்கர்

சென்னை
22-11-2025

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதமும் கூட வைத்திருந்த நகல்களும் வந்து சேர்ந்தன. பெரும்பாக்கம் பக்கம் 2 ஏக்கர் வாங்கி அலுவலகக் கட்டடம் கட்டலாம் என்று நீயும் கூட்டாளிகளும் பேசி வைத்திருக்கிறீர்கள். "பட்டா சுத்தம், ஈ.சி. சுத்தம், வேறென்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்த ஈ.சி. விஷயம். நீ அனுப்பியது பத்திரப்பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்று. கட்டடக்காரர்கள் ஈ.சி. என்று சொல்வது சுற்றுச்சூழல் அனுமதியை. தரகர் "ஈ.சி. இருக்கு சார்" என்றால் எது என்று கேட்டுக்கொள்.

இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தெற்கே சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் ஏரிகளின் உபரி நீரெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்து கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. வெளியேற முக்கியமான வழி ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு முட்டுக்காடு முகத்துவாரம். 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த கழுவெளி இது. குப்பைக்கிடங்கு, துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை, அரசு வளாகங்கள், தனியார் கட்டடங்கள் என்று பல பக்கமும் அரித்து, இப்போது மிச்சம் இருப்பது கொஞ்சம். அந்த மிச்சத்தில் 1,247.54 ஹெக்டேர் 2022-ல் ராம்சார் தளமானது, அதாவது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்.

சிக்கல் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 1,247 ஹெக்டேரில் காப்புக்காடு சுமார் 698 ஹெக்டேர்தான். மீதி 550 ஹெக்டேர் அளவுக்கு ராம்சார் எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் காடு இல்லை. அதில் பட்டா நிலமும் உண்டு. ராம்சார் எல்லை வரைபடத்தில் கோடாக இருக்கிறது. வருவாய்த்துறையும், திட்ட அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வும் வேலை செய்வது சர்வே எண்ணில். கோடு எந்தெந்த சர்வே எண்ணை, எந்த உட்பிரிவை வெட்டிக்கொண்டு போகிறது என்று தரையில் அளந்து பட்டியல் போடாத வரை, கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு உன் மனை சதுப்புக்குள்ளா வெளியிலா என்றே தெரியாது. வனத்துறைக்கு எழுதிக் கேட்டால் "மேற்படி புல எண் காப்புக்காட்டில் வரவில்லை" என்று பதில் வரும். அது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு "வனத்துறையே ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டது" என்று அடுத்த மேசைக்குக் கோப்பு நகரும். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அரசு அலுவலகத்தில் பதில் வரும், ராஜாமணி. ராம்சார் எல்லையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் அனுமதி வெளியே வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடு. ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017. ராம்சார் தளமாக இருந்தால் மாநில அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலும் வெளியிடாவிட்டாலும் இந்த விதிகள் பொருந்தும். காப்புக்காட்டுப் பகுதிக்கு வனச்சட்டம், மிச்சப் பகுதிக்கு இந்த விதிகள் என்று வைத்துக்கொள். நான்காவது விதியில் தடைப்பட்டியல் இருக்கிறது: ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டக்கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடக்கூடாது. படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும், பத்தாண்டுகளில் பதிவான சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் கூடாது. அந்தப் பத்தாண்டை விதிகள் நடைமுறைக்கு வந்த 2017 செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் 2015 டிசம்பர் வெள்ளமும் கணக்கில் வந்துவிடும். கோடைக்காலத்தில் போய் நின்றுகொண்டு "தண்ணீர் அதோ அங்கே இருக்கிறது, நாம் 200 மீட்டர் தள்ளி இருக்கிறோம்" என்று தரகர் கைகாட்டுவதற்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமே கிடையாது. தடையிலிருந்து விலக்கு தர மத்திய அரசால் மட்டுமே முடியும். அதுவும் மாநில ஈரநில ஆணையம் பரிந்துரைத்து, மாநில அரசு கேட்ட பிறகு. சி.எம்.டி.ஏ.வுக்கோ மாநகராட்சிக்கோ அந்த அதிகாரம் இல்லை.

விதிகளில் இன்னொரு சொல் இருக்கிறது, தாக்கப் பகுதி. ஈரநிலத்தின் நீர்ப்பிடிப்பில் எந்தப் பகுதியில் கட்டினால், தோண்டினால், மேடாக்கினால் ஈரநிலம் கெடுமோ அந்தப் பகுதி அது. பள்ளிக்கரணைக்கு அதை அறிவியல்முறைப்படி வரையறுக்காமலே அனுமதிகள் போய்க்கொண்டிருந்ததால்தான், பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று நிறுத்தி வைத்தது. பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்புத் திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, அக்டோபர் கடைசியில் வேலைக்கு இடைக்காலத் தடையும் விழுந்தது. அரை கிரவுண்டில் வீடு கட்ட வரைபடம் கொடுத்தவர்களும் இந்த 1 கிலோமீட்டரில் மாட்டிக்கொண்டார்கள், அவர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. எல்லையை முன்பே அளந்து, சர்வே எண் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால் அவர்களுக்கு இந்த நிலை வந்திருக்காது.

இனி உங்கள் கட்டடக் கணக்கு. 2 ஏக்கர் என்பது 8,094 சதுர மீட்டர். உயரம் 18.30 மீட்டருக்குள் என்றால் எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) 2, அதாவது சுமார் 16,000 சதுர மீட்டர். "20,000-க்குக் கீழே இருக்கிறோம், சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம்" என்று உன் வரைபடக்காரர் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறாய். இங்கேதான் நிறைய பேர் விழுகிறார்கள். எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வாகனம் நிறுத்தும் தளத்தைக் கழித்துவிடுவார்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் அப்படிக் கழிக்க வழியில்லை. அடித்தளம் (தரைக்குக் கீழே வரும் தளம்), சேவைப் பகுதி எல்லாம் சேர்த்து, கூரைக்குக் கீழே வரும் மொத்தப் பரப்பும் கணக்கு. 5,000 சதுர மீட்டரில் ஒரே ஒரு அடித்தளம் போட்டால்கூட 21,000 ஆகிவிடும். அனுமதி வாங்காமல் அஸ்திவாரம் தோண்டினால் அன்றைக்கே அது விதிமீறல். மனையை மனைவி பெயரிலும் மச்சான் பெயரிலும் பிரித்து இரண்டு கட்டடமாகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதே. ஒரே நுழைவாயில், ஒரே கழிவுநீர் நிலையம், ஒரே ஜெனரேட்டர் என்று இருப்பதைப் பார்த்தாலே ஒரே திட்டம் என்பது தெரிந்துவிடும்.

சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பத்தின் முதல் படிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது: 15 கிலோமீட்டர் வான்வழித் தூரத்துக்குள் சர்வதேச உடன்படிக்கைகளின் கீழ் பாதுகாக்கப்பட்ட பகுதிகள், ஈரநிலங்கள், நீர்நிலைகள் என்னென்ன என்று பெயரும் தூரமும் எழுத வேண்டும். ஆலோசனை நிறுவனங்கள் பழைய கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும் பகுதி இதுதான். "பள்ளிக்கரணை, 1.2 கி.மீ." என்று எழுதியிருப்பார்கள். எங்கிருந்து எங்கே அளந்த 1.2? மனையின் நடுவிலிருந்து காப்புக்காட்டுக் கல்வரையா, மனையின் விளிம்பிலிருந்து ராம்சார் கோடுவரையா? கையெழுத்துப் போடுவதற்கு முன் நீயே அளந்து பார்க்க வேண்டிய இடம் இது. தெரிந்தே தவறான தகவல் கொடுத்தாலோ மறைத்தாலோ, கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதற்குள் நீங்கள் நாலு மாடி எழுப்பி, வங்கிக் கடனும் வாங்கியிருப்பீர்கள்.

நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளக் கோணத்தில் மனையைப் பார்த்து, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் வரை மண்ணடித்து உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். உன் கட்டடத்துக்குள் தண்ணீர் வராமல் இருக்க அது சரி. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 2 ஏக்கரை 5 அடி உயர்த்துவதாக வைத்துக்கொள். 87,120 சதுர அடியை 5-ஆல் பெருக்கினால் 4,35,600 கன அடி, அதாவது யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 4,356 யூனிட் மண். 6 யூனிட் டிப்பரில் 726 நடை. வெள்ள காலத்தில் அதே இடத்தில் நின்றிருக்கக்கூடிய தண்ணீர் சுமார் 1.23 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஆயிரம் லாரிக்கு மேல். அது ஆவியாகப் போய்விடாது. மேடாக்காத பக்கத்துத் தெருவில், பத்து வருஷத்துக்கு முன் தரைமட்டத்தில் வீடு கட்டியவரின் சமையலறையில் போய் நிற்கும். ஒரு மனைக்கு இவ்வளவு. சதுப்பைச் சுற்றி நூறு மனைகளுக்கு நூறு சான்று தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். நூறையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் மேசை எந்த அலுவலகத்திலும் இல்லை. ராஜாமணி, எனக்கு ஆறாத விஷயம் இதுதான். ஒவ்வொரு கோப்பும் விதிப்படி சரியாக இருக்கும்போதே சதுப்பு செத்துப்போக முடியும்.

அடித்தளம் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறீர்களா? கீழே இருப்பது கரிய களிமண், தண்ணீர் மட்டம் மழைக்காலத்தில் ஏறக்குறைய தரையிலேயே இருக்கும். 7 மீட்டர் தோண்டி இரண்டு அடித்தளம் போட்டு, தண்ணீர் 1 மீட்டர் ஆழத்தில் நின்றால், அடிப்பலகையை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 6 டன் விசையோடு தண்ணீர் மேலே தள்ளும். மேலே மாடிகளின் எடை ஏறும் முன் பம்பை நிறுத்தினால் பலகை விரிசல் விடும், கட்டடம் முழுக்கத் தூக்கினாலும் ஆச்சரியமில்லை. அதனால் மாதக்கணக்கில் இராப்பகலாக இறைப்பார்கள். இறைத்த சேற்றுத்தண்ணீர் மழைநீர் வடிகால் வழியாக மறுபடியும் சதுப்புக்கே போகும். சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் இறங்கும்.

சரி, நீ செய்ய வேண்டியது. புதிய பட்டாவை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு சர்வே எண்ணும் முன்பு என்ன வகை நிலமாக இருந்தது என்று காட்டும் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் நகல் எடு. கழுவெளி, தாங்கல், ஏரி உள்வாய், வாய்க்கால் என்று நீர்நிலையைக் குறிக்கும் எந்தச் சொல் தாய் சர்வே எண்ணில் (உட்பிரிவு செய்வதற்கு முந்தைய மூல எண்ணில்) இருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடு. இடையில் எப்படிப் பட்டாவானது என்ற ஆராய்ச்சி உனக்கு வேண்டாம். கிராம வரைபடத்தில் இரட்டைக் கோடாக ஓடும் வாய்க்கால் உன் மனை வழியாகப் போய், புலப்படத்தில் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில்) மட்டும் காணாமல் போயிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். அடுத்தது, அளவையரை வைத்து, இடத்தைத் துல்லியமாகக் காட்டும் டி.ஜி.பி.எஸ். கருவியில் நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையும் கடல் மட்டத்திலிருந்து உயரமும் எடு. கைபேசி காட்டும் இடம் ஐந்து பத்து மீட்டர் தள்ளிப் போகும், 50 மீட்டர் விதிக்கு அது உதவாது. அந்த அளவுகளை இணைத்து மாநில ஈரநில ஆணையத்துக்கு மூன்று கேள்விகளைத் தனித்தனியாக எழுது: இந்தப் புள்ளிகள் ராம்சார் எல்லைக்குள் வருகின்றனவா? தாக்கப் பகுதிக்குள் வருகின்றனவா? சராசரி உயர்வெள்ள மட்டம் எத்தனை மீட்டர், அதன் கோட்டிலிருந்து மனை எவ்வளவு தூரம்? ஒரே கேள்வியாக எழுதினால் ஒரே வரியில் மழுப்பலாகப் பதில் வரும்.

இந்தப் பதில் எழுத்தில் வந்த பிறகுதான் திட்ட அனுமதி, தீயணைப்பு, போக்குவரத்து, சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு எல்லாம். இப்போது நடப்பது தலைகீழ். முன்பணம் முதலில், வரைபடம் அடுத்தது, எல்லை கடைசியில். கூட்டாளிகள் அவசரப்படுத்தினால், ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்: ராம்சார் எல்லைக்குள்ளோ தாக்கப் பகுதிக்குள்ளோ வருவதாகத் தெரிந்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். விற்பவர் அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பதில் சாதகமாகவே வந்தாலும் அந்த இடம் வேண்டாம் என்பேன். ரேடியல் சாலை ஓரம் நின்றால் இந்த மாதத்தில் நாமக்கோழிகள் கூட்டமாக மேய்வது தெரியும். அவற்றுக்கும் தெற்குச் சென்னைக்கும் மிச்சம் இருக்கும் தண்ணீர்ப் பை அது ஒன்றுதான். அலுவலகம் கட்ட மேட்டு நிலம் இன்னும் இருக்கிறது, விலை சதுர அடிக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

புலப்பட நகலை அடுத்த தபாலில் அனுப்பு, தாய் சர்வே எண் தெரியும்படி. கிராம வரைபடத்தோடு வைத்துப் பார்த்து எழுதுகிறேன். அதுவரை யாருக்கும் காசோலை கொடுக்க வேண்டாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்