மேசை மேல் ஒரு முதலை என்ஜின்

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே குளிர் இறங்கிவிட்டது, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகளும் கிடையாது. அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் கீழ்வீட்டுப் பெரியவரின் அடித்தள அறைக்குப் போய்விடுகிறேன். அவரிடம் பழைய மார்க்லின் பொம்மை ரயில்கள் நிறைய இருக்கின்றன. 1859-இல் தொடங்கிய கம்பெனி. கோப்பிங்கன் ஊர், இங்கிருந்து பக்கம்தான்.

பொம்மைதானே என்று நினைத்துவிடாதீர்கள். நிஜ என்ஜினில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஆனால் உள்ளே மோட்டாரில் சுழலும் ஆர்மேச்சர், அதற்கு மின்சாரம் வாங்கித் தரும் கம்யூட்டேட்டர், அதன்மேல் உரசும் பிரஷ் என்று பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் பார்த்த அத்தனையும் உண்டு!

போன வாரம் ஒரு என்ஜின் உறுமியதே தவிர நகரவில்லை. அடியில் ஒரே திருகு, கழற்றினால் மேல்கூடு கையோடு வந்துவிடுகிறது. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. ஆல்கஹால் தொட்டுத் துடைத்தோம். கம்யூட்டேட்டர் இடுக்குகளில் அடைந்த கரித்தூளைப் பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். பிரஷ்களில் ஒன்று கார்பன், இன்னொன்று செம்புவலை. இரண்டும் தேய்ந்திருந்தன, மாற்றினோம். அச்சைத் தாங்கும் பேரிங்குக்கு ஊசிமுனையால் ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் விட்டால் கரித்தூளோடு குழைந்து மறுபடியும் கெடும். சக்கரத்து ரப்பர் வளையமும் விறைத்துப்போயிருந்தது, அதனால்தான் ஏற்றத்தில் வழுக்கியிருக்கிறது. அப்புறம் மின்சாரம் கொடுத்தோம். பிரஷ் அடியில் நீலப்பொறி, லேசாகச் சூடான எண்ணெய் வாசனை, என்ஜின் கிளம்பிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வரும்போது உங்கள் முகத்தில் இருந்த திருப்தி எதனால் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது, அப்பா. திறந்து பார்த்துச் சரிசெய்யலாம் என்று நம்பிச் செய்த பொருளைக் கையில் எடுப்பதே தனிச் சந்தோஷம்.

இப்போது மேசையில் இருப்பது சுவிஸ் 'முதலை' என்ஜின், இருபுறமும் நீண்ட மூக்கு. இதன் அசல் கோத்தார்டு மலைப்பாதையில் சரக்கு இழுத்தது. கட்டியது வின்டர்தூர் தொழிற்சாலை. ஊட்டி ரயிலின் பழைய எக்ஸ் கிளாஸ் என்ஜின்களும் அங்கிருந்து வந்தவைதானே! அந்தப் பாதைக்கு நம் பொன்மலையிலேயே புது நீராவி என்ஜின் கட்டினார்கள் என்று சொன்னதும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

பிரஷ் எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவீர்கள் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். விவரமாக எழுதுங்கள், நான் ஜெர்மனில் சொல்லிவிடுகிறேன். காலில் கம்பளி சாக்ஸ் போட்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்