நீ அனுப்பிய அந்த வீடியோ

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு காலை

சாமி கண்ணு,

நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டேன். டிவிக்காரப் பையன் மைக்கை நீட்டி, "எந்தெங்கிலும் பறயானுண்டோ?" என்று மலையாளத்தில் கேட்கிறான், ஏதாவது சொல்ல இருக்கா என்று. மேற்கு வீட்டு அத்தை அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான் வீடியோ. கீழே நீ எழுதியிருந்தாய்: "மகன் செத்தும் வாயே திறக்கல. அப்போ எல்லாம் தெரிஞ்சுதானே இருந்திருக்கு?" கூடவே ஒரு பட்டாசுப் படம் வேறு.

போனில் பேசினால் சண்டையாகிவிடும். நீயும் உன் அப்பா மாதிரி பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. புண்ணாக்குக் கடை ஆத்தாவைக் கொன்று போட்டிருந்த கோலத்தில் முதலில் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. மாட்டுக்கு ஊறவைத்த பருத்திக்கொட்டை வாளியில் அப்படியே இருந்தது, மேலே ஈ மொய்த்துக்கொண்டு. கழுத்தில் சங்கிலி இல்லை. காதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கு எத்தனை தேன்மிட்டாய் கொடுத்த கை அது. செய்தவன் யாராக இருந்தாலும் அவன் நாசமாகப் போகட்டும் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் மேற்கு வீட்டு அத்தை மகனைப் பிடித்தார்கள். ஆத்தா கடைக்குப் பெட்டி ஆட்டோவில் மூட்டை ஏற்றி வருவானே, உன்னோடு நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். போன் டவர் காட்டுகிறது என்றார்கள், அடகுக் கடையில் ஒரு வளையல் என்றார்கள். இருக்கலாம். ரிமாண்டில் வைத்த பதினோராம் நாள் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். உயிர் இல்லை என்று சாயங்காலம் செய்தி வந்தது. ஏழு மணிக்கு ஜங்ஷனில் பட்டாசு. ஜிலேபி டப்பா நம் வீட்டுக்கும் வந்தது. கள்ளுக்கடையில் கோபாலபுரம் எல்லை தாண்டி வந்தவர்களுக்கெல்லாம் ஓசியில் ஊற்றினார்களாம். அவர்களுக்கு ஆத்தாவையும் தெரியாது, இவனையும் தெரியாது.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, கண்ணு. 2010 நவம்பர் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது பிளஸ் டூ. கோயம்புத்தூரில் பள்ளிக்கூடம் கிளம்பிய அக்காவையும் தம்பியையும் கடத்திக்கொண்டுபோய் பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் தள்ளிக் கொன்ற வழக்கு. பிடிபட்ட இரண்டு பேரில் கார் ஓட்டியவனை 9-ஆம் தேதி விடிகாலை போத்தனூர்ப் பக்கம் போலீஸ் சுட்டது. துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டான், திருப்பிச் சுட்டோம் என்றார்கள். கோவையில் வெடி வெடித்து மிட்டாய் கொடுத்தார்கள். அன்றைக்கு பொள்ளாச்சி பஸ்ஸில் யாரோ நீட்டிய மிட்டாயை நானும் வாங்கித் தின்றேன். இனித்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த இரண்டாமவன் கோர்ட்டில் நின்றான். தூக்குத் தண்டனை விதித்தார்கள், அதை சுப்ரீம் கோர்ட் 2019-இல் உறுதி செய்தது. அந்தக் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று சாட்சி சாட்சியாகக் கேட்டு எழுதிவைத்ததெல்லாம் அவன் வழக்கில்தான். செத்தவன் பங்கு என்ன என்று அவன் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

அதே 2019 டிசம்பரில்தான் ஹைதராபாத்தில் டாக்டர் பெண்ணைக் கொன்றதாகப் பிடித்த நாலு பேரைச் சுட்டார்கள். அங்கேயும் துப்பாக்கியைப் பிடுங்கிய கதைதான். போலீஸ்காரர்கள் தலையில் ஜனங்கள் பூவைக் கொட்டினார்கள். சுப்ரீம் கோர்ட் அமைத்த கமிஷன் அறிக்கை 2022-இல் வெளியே வந்தது: கொல்ல வேண்டும் என்றே சுட்டிருக்கிறார்கள், நாலு பேரில் மூன்று பேருக்குப் பதினெட்டே ஆகவில்லை. பூ கொட்டியவர்கள் அதைப் படித்தார்களோ என்னவோ.

நம் பாலக்காட்டிலேயே 2010 மார்ச்சில் புத்தூர்க் கொலை வழக்கில் பிடித்த ஒருவர் காவலில் செத்துப்போனார். உடம்பில் அறுபதுக்கு மேல் காயம். கடைசியில் சி.பி.ஐ. வந்து போலீஸ்காரர்கள் மேலேயே கேஸ் போட்டது. இவனுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை, நெஞ்சு வலியாகவே இருக்கலாம். காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அது நடக்கிறது. அது முடியும்வரை டிவிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அத்தையிடம் வக்கீல் சொல்லியிருக்கிறார். உன் வீடியோவில் அது இல்லை.

அத்தையின் பெண்ணைப் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். மாசமாக இருக்கிறாள், ஏழு மாதம் இப்போது. "உங்க அம்மா டிவியில வந்தா நீ அங்கயே இருந்துக்கோ" என்று மாமியார் சொல்லிவிட்டாள். அதுவும் உன் வீடியோவில் இல்லை.

அப்புறம் பால் சொசைட்டி விஷயம். மகனைப் பிடித்த நாளிலிருந்து அவள் பால் ஊற்ற வரவில்லை. வரிசையில் ஒருத்தர், பெயர் வேண்டாம், "அந்த வீட்டுப் பாலை நம்ம கேனோட கலக்காதீங்க" என்று செக்ரெட்டரியிடம் சொன்னார். மாட்டுக்கு இதெல்லாம் தெரியுமா? மடி கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கத்தியது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் விடிகாலையில் பின்பக்கமாகப் போய், "தூக்குப்போசியைக் கொடு, என் பாலோட நான் கொண்டுபோறேன்" என்றேன். பாஸ்புக்கையும் சேர்த்துக் கொடுத்தாள். அன்றைக்கு 4 லிட்டர் 300. நான் ஊற்றும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. ரிட்டயர்டு டீச்சர் என்கிற மரியாதையாக இருக்கும்.

பத்து நாள் அப்படியே போனது. அவள் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். போன வியாழக்கிழமை, கன்றை அவிழ்த்துவிட்டு மாட்டின் காலடியில் உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆத்தா குடுத்த பணத்துல வாங்குன மாடுங்க டீச்சர் இது. இன்னும் பாதிக் கடன் நிக்குது. அந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, எம்பையன் நல்லவன்னு எந்த வாயில சொல்ல?"

அப்புறம் ரொம்ப நேரம் கழித்து:

"ஜெயில்ல பாக்கப் போனப்ப, செஞ்சியாடான்னு கேக்கோணும்னுதான் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னான், மெலிஞ்சு கெடந்தான். சாப்பிட்டயா சாமின்னு கேட்டுட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

உன் கேள்விக்குப் பதில் அதுதான், கண்ணு. அவளுக்கே தெரியாது.

ஆத்தாவின் மகளையும் கோயிலில் பார்த்தேன். ஜிலேபி அவள் வீட்டுக்குத்தான் முதலில் போனதாம், தொடவில்லையாம். குற்றம் சாட்டப்பட்டவன் செத்துவிட்டால் அவன் மேல் உள்ள கேஸ் அத்தோடு முடிந்துவிடும் என்று வக்கீல் சொன்னாராம். "அம்மா கடைசியா என்ன சொன்னா, கும்பிட்டாளா, சங்கிலியக் கழட்டித் தந்தும் விடலையா, இதெல்லாம் கோர்ட்டுல அவனைக் கேப்பாங்கன்னு இருந்தேன் டீச்சர். இனி யாரக் கேக்க?" என்றாள். இவன் இல்லை, வேறு யாரோ என்றால் அந்த ஆள் இந்த ஊரிலேயே நம்மோடு கள்ளுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்றும் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து ராத்திரி பின்கதவை இரண்டு தடவை பார்க்காமல் தூக்கம் வருவதில்லை.

சரி, மற்றபடி நாங்கள் சுகம். ஆழியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது, மேட்டு வயலில் நாற்று விட்டாயிற்று. உன் மாமா அடுத்த மாதம் கண் ஆபரேஷன் என்கிறார், பணம் கேட்டால் கொஞ்சம் யோசித்துக் கொடு, போன தடவை கொடுத்ததே வரவில்லை. குழந்தைக்குச் சளி என்றாயே, துளசியும் வெற்றிலையும் அந்த ஊரில் கிடைக்காது என்று நினைக்கிறேன். கிடைத்தால் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்.

வீடியோவை நம் குடும்ப குரூப்பிலும் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. அப்பா அந்த குரூப்பை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் பார்ப்பார், இன்னும் பார்க்கவில்லை. பாடி ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் வந்தது. தூக்க நாலு பேர் தேறவில்லை. மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நாலாவது ஆளாகப் போனார்.

அன்புடன்,
அம்மா