கண் அறுவைச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு

மதிப்புக்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவினரும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் மருத்துவ உதவியாளரும் நம் பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் கண்களைப் பரிசோதித்துச் சென்றதை அறிவீர்கள். பெரும்பாலோருக்குக் குறை ஏதும் இல்லை. சிலருக்குக் கண்ணாடி போதும். அது கண்ணொளி காப்போம் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும். மிகச் சிலருக்கு மட்டும் கண்புரை, மாறுகண், இமை இறங்கியிருத்தல் ஆகிய காரணங்களால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்று கருதித் திருநெல்வேலியிலுள்ள தரும கண் மருத்துவமனை ஒன்றுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். இக்கடிதம் அந்தப் பிள்ளைகளின் வீட்டாருக்கு மட்டுமே தரப்படுகிறது. யாருடைய பெயரையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை.

மிளகாய் எடுப்பு முடியட்டும், முழுப்பரீட்சை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உங்களில் சிலர் வகுப்பாசிரியரிடம் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு நாள் கூலி போனால் வீடு என்ன பாடுபடும் என்பதை அறிந்தேதான் இதை எழுதுகிறேன்: தள்ளிப்போடாதீர்கள். வீட்டிலுள்ள தாத்தாவுக்கு வந்த புரையைச் சில மாதம் கழித்து எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். ஏனென்றால் அவர் பார்த்துப் பழகிய மனிதர். குழந்தையின் நிலை வேறு. பிறந்ததிலிருந்து ஏறத்தாழ ஏழெட்டு வயது வரை குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான உருவம் வராவிட்டால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடும். மருத்துவர்கள் சோம்பல் கண் என்று சொல்வது இதைத்தான். அதன்பின் புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் எவ்வளவு நல்ல லென்ஸை வைத்தாலும் இழந்த பார்வை முழுமையாகக் கிடைப்பது அரிது. அதற்காக, வயது தாண்டிவிட்டது, இனிப் பயனில்லை என்று நீங்களே முடிவுகட்டவும் வேண்டாம். எவ்வளவு தேறும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

நன்றாகத்தானே ஓடியாடித் திரிகிறது என்று கேட்பவர்களுக்கு, பரிசோதனையின்போது நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் வலக்கண்ணை அட்டையால் மறைத்தபோது அது எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தது. இடக்கண்ணை மறைத்ததும் கழுத்தைத் திருப்பி அட்டையின் ஓரமாக எட்டிப் பார்த்தது. அட்டையை நகர்த்த நகர்த்தத் தலையும் கூடவே நகர்ந்தது. ஒரு கண் தெரியவில்லை என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம் பக்கத்தில் சொல்லும் வழக்கத்தையும் இந்த விஷயத்தில் ஓரமாக வைத்துவிடுங்கள்.

இலவசம் என்றால் அரைகுறையாகத்தான் செய்வார்கள் என்ற அச்சம் சிலருக்கு இருக்கிறது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைச் சிகிச்சை செய்த மனிதர் அவர். பணம் கட்டுபவருக்கும் கட்டாதவருக்கும் அதே மருத்துவர்கள் மாறி மாறிச் சிகிச்சை செய்யும் முறையை அங்கே ஏற்படுத்தினார். வெளிநாட்டிலிருந்து பெரும் விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்த கண் லென்ஸை, 1992 முதல் அவர்களின் ஆரோலேப் நிறுவனம் மதுரையிலேயே செய்து விலையைக் குறைத்தது. தரும சிகிச்சை என்பது தரம் குறைந்த சிகிச்சை அன்று என்பதற்கு நம் கரிசல் மண்ணில் பிறந்தவரே சான்றாக இருக்கிறார்.

பெரியவர்களுக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். குழந்தைகள் அசையாமல் படுத்திருக்க மாட்டார்கள் என்பதால் முழு மயக்கம் கொடுப்பார்கள். ஆகவே சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும் என்று சொல்கிறார்களோ அதில் சலுகை காட்டாதீர்கள். அழுகிறதே என்று ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாலும், மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. பாட்டிமார்களிடம் இதைக் குறிப்பாகச் சொல்லிவையுங்கள்.

வீடு திரும்பியபின்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடவேண்டும். அதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். மருத்துவர் சொல்லும்வரை தலைக்குக் குளிப்பதும் கண்மாயில் இறங்குவதும் கூடாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடக்கூடாது. புரை எடுத்த குழந்தைகளுக்கு லென்ஸின் பின்னால் மீண்டும் சவ்வு படர்வதுண்டு. கண்ணும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கண்ணாடியின் பவரும் மாறும். எனவே மறுபரிசோதனைக்குக் குறித்த நாள்களைத் தவறவிடாதீர்கள்.

சோம்பல் கண் உள்ள சிலருக்கு, நன்றாகத் தெரியும் கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ஒட்டுப்போட்டு மூடிவைக்கச் சொல்வார்கள். தெரிகிற கண்ணை ஏன் மூடுகிறார்கள் என்று தோன்றும். தெரியாத கண்ணை வேலை வாங்குவதற்கு அதுவே வழி. பிள்ளைகள் அதைப் பிய்த்து எறிவார்கள். அந்த நேரத்தைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாம், வகுப்பாசிரியர்கள் கவனித்துக்கொள்வார்கள். ஒட்டுப்போட்ட பிள்ளையைக் கேலி செய்வோரை நானே பார்த்துக்கொள்கிறேன்.

பெண்பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளை மாப்பிள்ளை அமையாது என்று ஒரு தாய் என்னிடம் கலங்கினார். அவருடைய கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பார்வை போனபின் அந்தக் கவலை பல மடங்காகுமே தவிரக் குறையாது.

இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் தாய், தந்தை அல்லது காப்பாளர் கையெழுத்திட்டு, ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்களோடு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தாருங்கள். கையெழுத்திடும் முன் சந்தேகம் இருந்தால் மாலையில் பள்ளி விட்டபின் என்னை வந்து பாருங்கள். சிகிச்சைக்காகப் போகும் நாள்களால் பிள்ளையின் படிப்பு பின்தங்காதபடி, விடுபட்ட பாடங்களைத் தனியே நடத்திவிடுவோம். வீட்டில் இன்னும் பள்ளி வயதை எட்டாத தம்பி, தங்கையின் கருவிழி நடுவே வெண்மை தெரிந்தாலோ, செல்போன் ஃபிளாஷ் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுந்தாலோ, முகாமுக்காகக் காத்திராமல் உடனே அந்தக் குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி