கறுப்பு ட்யூபை மூடி வை

அன்புள்ள முரளி,

மூன்று மாதமாகப் பதில் போடாதது தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். நீ பெயின்ட் அடித்த டி-34 டாங்கி பொம்மை மாடலின் படத்தைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அடிநிறம் அருமையாக வந்திருக்கிறதடா. அதன்மேல் ஏன் இப்படி வாஷை, அதுதான் பள்ளங்களில் நிழல் காட்டும் அந்த நீர்த்த பெயின்டை, ஊற்றினாய்? டரட்டின் (பீரங்கி இருக்கும் மேல்கூண்டு) பக்கவாட்டில் காப்பி டம்ளர் வைத்த மாதிரி வட்ட வட்டமாகக் கறை. பளபளப்பில்லாத மேட் பெயின்ட்மேல் நேராகக் கொடுத்திருக்கிறாய். அந்தச் சொரசொரப்பில் நிறமி விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், பள்ளத்துக்கு ஓடாது. முதலில் பளபளப்பான அக்ரிலிக் கிளாஸ் (gloss) வார்னிஷ், மெல்லிசாக இரண்டு கோட். ஒரு முழு நாள் காயட்டும்.

கறுப்பு ட்யூபை மூடி வை. பச்சைக்குக் கறுப்பு கோடு போட்ட மாதிரித் தெரியும். பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்புதான் பொருந்தும். ஆயில் பெயின்டை அட்டையில் பிதுக்கி ஒரு மணி நேரம் வைத்தால் எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும். வாஷ் சீக்கிரம் காயும், பளபளக்காது. மிளகளவு பெயின்டுக்கு, ஆயில் பெயின்டைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட் 10, 15 சொட்டு. இரண்டாம் டிகாக்ஷன் பதம் வரவேண்டும். ஹார்டுவேர் கடையில் வெறுமனே ‘தின்னர்’ என்று கேட்காதே, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைக் கொடுத்தால் வார்னிஷோடு பிளாஸ்டிக்கும் கரையும்.

மெல்லிய பிரஷ் நுனியை போல்ட் தலையின் அடியில் தொட்டுப் பார். திரவம் தானே போல்ட்டைச் சுற்றி வளைந்து, பக்கத்தில் தகடுகள் சேரும் கோட்டில் இறங்கி ஓடும். அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்! ஓடவில்லையென்றால் கலவை கெட்டி. அரை மணி கழித்து, ஒயிட் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த காட்டன் பட்ஸால் மேலிருந்து கீழாக மட்டும் துடை. மிச்சம் மழை வழிந்த தடமாக நிற்கும். பட்ஸ் சொட்டச் சொட்ட இருந்தால் பள்ளத்தில் இருப்பதும் போய்விடும். இரண்டு மூன்று நாள் கழித்து மேட் வார்னிஷ்.

இப்போதுள்ள கறை ஆயில் என்றால் இதே பட்ஸில் ஓரளவு வரும். அக்ரிலிக் என்றால் வராது. அடிநிறத்தையே மெல்லிசாக மேலே ஏற்று.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. குட்டி படுக்கிற அறையில் ஒயிட் ஸ்பிரிட்டைத் திறக்காதே. வாசனையில்லாத வகைக்கும் ஆவி உண்டு. பால்கனிக்கு மேஜையை மாற்று. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போடாதே, தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவை.

மேஜையை மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

உன்,
சேகர்