மரக்கட்டையில் மின்சாரம்: மாணவர் திட்டங்களை மதிப்பிடும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டங்களை மதிப்பிடும் பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

மிதித்தால் மின்சாரம் தரும் மரத்தளம் என்று ஒரு திட்டம் வந்தால், அதில் எத்தனை பல்பு எரியும் என்று கேட்காதீர்கள். எவ்வளவு மெல்லிய அழுத்தத்தை அது உணர்கிறது என்று கேளுங்கள்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் பால்சா என்ற மிக இலேசான மரத்தைக் கனோடெர்மா அப்ளனாட்டம் என்ற பூஞ்சைக்கு 10 வாரம் இரையாக்கினார்கள். எடை 45 விழுக்காடு குறைந்தது. மரம் பஞ்சுபோல அமுங்கி மீண்டது; அதிகம் அமுங்குவதால் அழுத்தும்போது அது தரும் மின்சாரமும் கூடியது. பக்கம் சுமார் 1.5 செ.மீ. உள்ள ஒரு கட்டையை 45 கிலோபாஸ்கலில் அழுத்தியபோது கிடைத்த உச்சம் 0.87 வோல்ட், 13.3 நானோஆம்பியர். பெருக்கினால் 12 நானோவாட்கூட இல்லை. ஒரு வாட் எல்இடிக்கு எட்டுக் கோடிக் கட்டைகளுக்கு மேல் வேண்டும்! ஆனால் தரையில் முதியவர் விழுந்ததை அறிவிக்க இந்தத் துடிப்பே போதும். இந்த மரத்தின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

அதே குழு 2020இல் காட்டிய வழி வேறு: ஹைட்ரஜன் பெராக்சைடும் அசிட்டிக் அமிலமும் கலந்த குளியலில், மரத்தை விறைப்பாக வைத்திருக்கும் லிக்னினை நீக்குவது. இந்தக் கலவையில் பெரசிட்டிக் அமிலம் உருவாகும். மூடிய பாத்திரத்தில் சூடாக்கினால் வெடிக்கலாம். ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டிக்கு (ஃப்யூம் ஹுட்) வெளியே இதைச் செய்ய அனுமதிக்கவே கூடாது. கழுவிய கட்டையை வெயிலில் காயவைத்தால் நீர் வெளியேறும்போது செல்சுவர்களை இழுத்து ஒட்டவைத்துவிடும், மீள்தன்மை போய்விடும். உறைய வைத்து உலர்த்த வேண்டும்.

அளவீட்டில்தான் பெரும் பிழை நேர்கிறது. மேற்சொன்ன எண்களின்படி கட்டையின் உள்மின்தடை சுமார் 65 மெகாஓம். உள்மின்தடை 10 மெகாஓம் உள்ள மல்டிமீட்டரை வைத்தால் மின்னழுத்தத்தில் சுமார் ஏழில் ஒரு பங்குதான் தெரியும். மிக நுண்ணிய மின்னூட்டத்தையும் அளக்கும் எலக்ட்ரோமீட்டரோ சார்ஜ் ஆம்ப்ளிஃபையரோ வேண்டும். கம்பி கவசமிட்டதாக இருக்க வேண்டும். வெறுங்கையால் அழுத்தினால் உராய்வு மின்னூட்டமும் சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். மின்னோட்டத்தை ஒரே திசையாக்கும் சாதாரண டயோடு பாலம் போட்டு மின்தேக்கியில் சேமிக்கப் பார்ப்பவர்களுக்கும் ஏமாற்றமே: கிடைக்கும் வோல்ட்டில் பெரும்பகுதி டயோடுகளிலேயே கரையும், மின்தேக்கியின் கசிவு மிச்சத்தையும் தின்னும்.

ஆகவே அறிக்கையில் இவற்றைக் கட்டாயமாக்குங்கள்: பதப்படுத்தாத அதே மரத்திலும் அதே அளவு அக்ரிலிக் கட்டையிலும் செய்த ஒப்பீடு, அழுத்திய விசை, சோதனை நாளின் ஈரப்பதம். அக்ரிலிக்கிலும் அதே துடிப்பு வந்தால் அது மரம் தந்த மின்சாரமில்லை. அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பி, மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.