அந்தப் பூண்டு பாட்டிலை மட்டும் விற்காதே

அன்புள்ள மீனா,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபத்தில் இருப்பாய். கோபம் நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. சின்னவன் பரீட்சை எழுதி முடித்துவிட்டான், முடிவு வரும்வரை அவனிடம் யாரும் பேச முடியாது. விசாரிப்பெல்லாம் இவ்வளவுதான், இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவையும் சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே படித்தேன். நீயும் ஜாம் கிண்டி விற்கத் தொடங்கிவிட்டாய், அதுவும் என்னைவிட அழகாக லேபிள் ஒட்டி! மூன்றாவது தடவை, கடைசிப் பக்கத்தில் நீ போகிற போக்கில் எழுதிய இரண்டு வரியில் கண் நின்றுவிட்டது. எண்ணெயில் ஊறப்போட்ட பூண்டு இரண்டு மாதமாக அலமாரியில் நன்றாகவே இருக்கிறது, வாசனை ஆளைத் தூக்குகிறது, அதையும் விற்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். உடனே போன் செய்தேன், எடுக்கவில்லை. ‘வேண்டாம், விற்காதே’ என்று செய்தி அனுப்பினேன். ‘சரி’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டாய். உன் ‘சரி’யை எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். மரத்தில் ஏறாதே என்று டீச்சர் சொன்னபோதும் இதே ‘சரி’தான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நான் ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

போன ஆரஞ்சு பருவத்தில் 48 பாட்டில் மார்மலேட், அதான் ஆரஞ்சுத் தோலோடு கிண்டுகிற ஜாம், போட்டேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரம்தான். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பாட்டாகப் பாடினார்கள்: “கொஞ்சம் சீனியைக் குறைச்சுப் போடேன், இன்னும் ரெண்டு பாட்டில் சேர்த்து வாங்கிக்கறேன்.” கேட்பதில் தப்பில்லையே என்று தோன்றியது. வழக்கமாகக் கிலோ பழத்துக்குக் கிலோ சீனி போடுவேன். அந்த முறை 400 கிராம்தான் போட்டேன். ருசி பிரமாதம். பழத்தின் புளிப்பும் தோலின் கசப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. 42 பாட்டில் விற்றுப் போனது. லேபிளில் எதையும் மாற்றவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு வயதான அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் துணி சுற்றிய பாட்டில். திண்ணையில் வைத்து, சாவகாசமாகத் துணியைப் பிரித்து, மூடியைத் திறந்து காட்டினார். மேலே ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பச்சையும் நீலமுமாக ஒரு வட்டம், அதன் ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை. அவர் சத்தம் போடவில்லை. “என் பேரன் கையில எடுக்கறதுக்கு முன்னாடி நான் பார்த்துட்டேன்மா” என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. “பணம் இருக்கட்டும். ஏன் இப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லு” என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை, மீனா. ஐந்து வருடமாக விற்கிறேன். ஏன் கெட்டது என்று கேட்டால் பதில் தெரியவில்லை. அதைவிட, இத்தனை நாளும் ஏன் கெடாமல் இருந்தது என்பதுகூடத் தெரியாது.

அன்றே எல்லாப் பாட்டிலையும் திரும்ப வாங்கக் கிளம்பினேன். யார் யாருக்கு விற்றேன் என்று குறித்து வைத்திருக்கவில்லை. ஞாபகத்தை வைத்தே ஒன்பது நாள் அலைந்தேன். 29 திரும்பி வந்தது. 8 பேர் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தார்கள், நல்லவேளை யாருக்கும் ஒன்றுமில்லை. மீதி 5 எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. மேலே வந்த பூசணத்தை வழித்துவிட்டுச் சாப்பிடலாமே என்று எங்கள் வீட்டிலேயே சொன்னார்கள். கூடாது. கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதிதான், அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். சில பூஞ்சைகள் நஞ்சும் விடும். 29 பாட்டிலையும் குழியில் கொட்டி மூடினேன்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது, அப்புறம் ஆசை பிடித்துக்கொண்டது. சீனி இனிப்புக்காக மட்டும் இல்லை, மீனா. பழத்தில் உள்ள தண்ணீரை அது தன்னோடு பிடித்துவைத்துக்கொள்கிறது. ஜாமில் கரைந்திருக்கும் சர்க்கரை நூற்றுக்கு 65 பங்கு அளவுக்கு வந்துவிட்டால், பெரும்பாலான கிருமிக்கும் பூஞ்சைக்கும் எடுத்துக்கொள்ளப் போதுமான தண்ணீர் மிஞ்சுவதில்லை. நான் சீனியைக் குறைத்தபோது இனிப்பைக் குறைப்பதாகத்தான் நினைத்தேன். காவலுக்கு நின்றதையே பாதியாக்கிவிட்டேன். இப்போதும் சீனி குறைந்தது கேட்கிறார்கள். தனியாகக் கொஞ்சமாகச் செய்து, சின்னப் பாட்டிலில் போட்டு, ‘ஃப்ரிட்ஜில் மட்டுமே வைக்கவும்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

உன் ஸ்ட்ராபெர்ரி ஜாம் கெட்டிப்படாமல் ஓடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கும் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது! ஜாமை இறுக்குவது பழத்தில் உள்ள பெக்டின். 1825-ல் ஆன்ரி பிராக்கொன்னோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வைத்த பேர் அது. ஆரஞ்சு, எலுமிச்சையின் தோலுக்கடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் கொட்டையிலும் அது ஏராளம், ஆப்பிளிலும் உண்டு. ஸ்ட்ராபெர்ரியில் குறைவு. பெக்டின் இழைகள் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். புளிப்பு சேர்ந்தால் அந்தத் தள்ளல் அடங்கும். சீனி நடுவிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொண்டால் இழைகள் கைகோத்துக்கொள்ளும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாகுதான் மிஞ்சும். நீ எலுமிச்சைச் சாறு விட்டிருக்க மாட்டாய், பழமும் கனிந்து குழைந்ததாகப் பார்த்து வாங்கியிருப்பாய். நன்றாகப் பழுத்துவிட்டால் பெக்டின் சிதைந்துபோகும். நான்கு பங்கு பழுத்ததற்கு ஒரு பங்கு சற்றே காய்வெட்டாகச் சேர்த்துப் பார்.

ஒரேயடியாக ஆறு கிலோ பழத்தைப் பெரிய சட்டியில் ஏற்றாதே. நான் ஏற்றியிருக்கிறேன். பதத்துக்கு வரவே நெடுநேரம் ஆகும், அதற்குள் நிறம் கறுத்து, வாசனை போய், பெக்டினும் வெந்து உடைந்துவிடும். இரண்டு கிலோதான் என் அளவு, அகலமான பாத்திரம். பதம் 104, 105 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருப்பார்கள், அது கடல்மட்டத்துக்கு. மேட்டில் இருக்கிற ஊரில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். அதனால் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பார், அதோடு நாலரை டிகிரி கூட்டிக்கொள். அதுதான் உன் பதம்.

பழகிவிட்டால் கண்ணும் காதுமே சொல்லிவிடும். ஆரம்பத்தில் நுரை பொங்கிச் சின்னச் சின்னக் குமிழாகப் படபடக்கும். பதம் நெருங்க நெருங்க நுரை அடங்கி, பெரிய குமிழ்கள் சோம்பேறித்தனமாக எழும்பி ‘ப்ளக், ப்ளக்’ என்று உடையும். கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் முதலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது, இப்போது கரண்டி விளிம்பில் இரண்டு சொட்டு ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, ஒரே பட்டையாக நழுவி விழும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றுகூடத் தோன்றும். உடனே அடுப்பை அணைத்துவிடு. ஆரஞ்சாக இருந்தால் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பாட்டிலில் ஊற்று, இல்லாவிட்டால் தோலெல்லாம் மேலே மிதந்து நிற்கும்.

கணக்கு கேட்டிருந்தாய். ஒரு கிலோ பழமும் ஒரு கிலோ சீனியும் சுண்டி ஏறக்குறைய 1.6 கிலோ ஜாம் தரும். 250 கிராம் பாட்டில் ஆறு. பழத்தையும் சீனியையும் எல்லோரும் கணக்கில் எழுதுவார்கள். பாட்டில், மூடி, லேபிள், கேஸ், உடைந்தது, ருசி பார்க்கக் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக உன் நேரம், இதையெல்லாம் எழுது. தோல் சீவி நறுக்க மூன்று மணி நேரம் ஆனால் அந்த மூன்று மணி நேரத்துக்கும் கூலி போடு. உன் கடிதத்தில் உள்ள விலையில் உன் கூலி எங்கேயும் இல்லை, அது எனக்குக் கோபம். பருவத் தொழிலில் இன்னொன்றும் இருக்கிறது: பணம் ஒரு மாதத்தில் மொத்தமாகப் போய், பதினொரு மாதம் துளித்துளியாகத் திரும்பி வரும். கடன் வாங்கிப் பழம் வாங்காதே. பழம் மலிந்திருக்கும்போது சுத்தம் செய்து உறையவைத்துக்கொண்டு, தேவைக்கு எடுத்துக் கிண்டலாம். உறைந்த பழத்தில் பெக்டின் கொஞ்சம் குறையும், எலுமிச்சையைக் கூட்டிக்கொள். ஒவ்வொரு பாட்டிலிலும் எந்த நாள் கிண்டியது, எத்தனையாவது சட்டி என்று எண் போடு. யாருக்குக் கொடுத்தாய் என்றும் எழுதிவை. என் ஒன்பது நாள் அலைச்சல் உனக்கு வேண்டாம்.

இப்போது பூண்டு.

கோபப்படாமல் கேள். ஜாமில் தப்பு நடந்தால் பூசணம் வந்து நின்று காட்டிக்கொடுக்கும். எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டு காட்டிக்கொடுக்காது. பூண்டு மண்ணில் விளைவது. மண்ணில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு கிருமியின் வித்துகள் உண்டு. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு அவை சாகாது, அழுத்தத்தில் 121 டிகிரி வரை கொண்டுபோனால்தான் சாகும். காற்று இருக்கும் இடத்தில் அது வளராது. புளிப்பு போதுமான அளவு இருந்தாலும், அதாவது புளிப்பை அளக்கும் பிஹெச் எண் 4.6-க்குக் கீழே இருந்தாலும் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), வளராது. ஜாம் புளிப்பு, அதனால் தப்பித்தோம். பூண்டில் புளிப்பு இல்லை. எண்ணெய் கெடாமல் காக்கும் என்று நாம் நினைக்கிறோம், அது காற்றை அடைத்து இந்தக் கிருமிக்கு இடம் செய்து கொடுக்கிறது. அறை வெப்பத்தில் அது விடுகிற நஞ்சுக்கு நிறமோ மணமோ ருசியோ கிடையாது. வாசனை ஆளைத் தூக்குகிறது என்று நீ எழுதியிருந்தாயே, எனக்குப் பயமே அந்த வரிதான்.

நூறு தடவை சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பாய். 1985-ல் கனடாவில் வான்கூவரில், ஒரே உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நஞ்சால் நோயில் விழுந்தார்கள். காரணம், குளிரில் வைக்காமல் இருந்த எண்ணெய்ப் பூண்டு. பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது, அப்புறம் மூச்சுவிடும் தசையே ஓயும். அவர்களில் பலருக்கு முதலில் வேறு ஏதோ நோய் என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

உணவைப் பாட்டிலில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறைக்காக நிக்கோலா அப்பேருக்கு பிரெஞ்சு அரசு 1810-ல் 12,000 பிராங்கு கொடுத்தது. அது ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. கிருமிதான் காரணம் என்று லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வந்து காட்ட இன்னும் ஐம்பது வருடம் ஆயிற்று. தெரியாமலே அவர் செய்தது சரியாக இருந்தது, ஏனென்றால் தான் சோதித்துப் பார்த்த முறையைவிட்டு அவர் நகரவில்லை. நான் காரணம் தெரியாமல் சீனியில் கைவைத்தேன். நீ பூண்டில் கைவைக்கிறாய், உன் தப்பு என்னுடையதைவிட ரொம்பப் பெரியது.

பூண்டு விற்க ஆசையாக இருந்தால் வினிகரில் போடு. சோதித்து வெளியிட்ட செய்முறையாகப் பார்த்து, அமிலம் 5 சதவீதம் உள்ள வினிகராக வாங்கி, அளவு மாற்றாமல் செய். எண்ணெயில்தான் வேண்டுமென்றால் வீட்டுக்கு மட்டும், ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் முடி. அலமாரியில் இருப்பதைத் திறக்காதே, முகர்ந்து பார்க்காதே, ருசி பார்க்கவே பார்க்காதே. அப்படியே பையில் இறுகக் கட்டிப் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் குப்பையில் சேர்த்துவிடு.

டீச்சருக்கு ஒரு பாட்டில் கொடுத்ததாகவும் எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் அவருக்குப் போன் பண்ணு. அவர் எடுக்காவிட்டால் நேரில் போ. போய்விட்டு வந்து எனக்குச் சொல். ‘சரி’ என்று மட்டும் அனுப்பாதே, பாட்டில் எங்கே போயிற்று என்று எழுது.

உன்
கௌரி