குப்புறப் படுத்தவளுக்குக் கதை வாசித்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

கண் ஆபரேஷனுக்குப் பின் குப்புறப் படுத்திருந்த பன்னிரண்டு நாளும் உங்களில் ஒருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் பாதங்களைத்தான். மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பெண்ணுக்கு வலது காலில் மட்டும் கொலுசு. குருவானவரின் மனைவி ஐயரம்மாவுக்கு வெடித்த குதிகால். ஒன்பதாம் வகுப்புப் பேரப்பிள்ளை ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பான். மதினிக்கு மெட்டி. இந்த நன்றி மடலை அந்த எட்டுப் பாதங்களுக்கும் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. ஓரத்தில் கறுப்புத் துணி தொங்குவதுபோல் இருந்ததை, கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து ஒரு வாரம் துடைத்துக்கொண்டிருந்தேன். புத்தி கெட்டவள். ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டுமாம். இடது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறிக் கண். எழுத்துக் கூட்டவும் உதவாது. குமிழி கரைந்து முடிய ஏழு வாரம் ஆனது. முப்பத்தொரு வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவளுக்கு ஏழு வாரம் ஒரு வரிகூட வாசிக்க முடியாது என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் மகள் செயின்ட் லூயிஸிலிருந்து அனுப்பி, பிரிக்காமலே கிடந்த பெட்டியை ஐயரம்மா திறந்தார்கள். எல்லாம் அமெரிக்கக் கிறிஸ்தவ நாவல்கள். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இந்தச் சரக்கு புதிதில்லை. ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையை எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று தமிழ்க் காவியமாக்கி 1894இல் வெளியிட்டார். அவர் வாழ்ந்த ஊர் இது. ஆனாலும் இப்போது வருகிற நாவல்களை நான் தொட்டதில்லை. உபதேசக் கதைதானே என்று ஓர் இளக்காரம்.

ஐயரம்மா, முதலில் உங்களுக்கு நன்றி. பிரான்சின் ரிவர்ஸ் நாவல்களை உங்கள் குரலில் கேட்டேன். வழிதவறிய மனைவியைத் திரும்ப மீட்டுக்கொண்ட பைபிள் ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோன 'ரிடீமிங் லவ்', அப்புறம் 2018இல் வந்த 'தி மாஸ்டர்பீஸ்', 2022இல் வந்த 'தி லேடிஸ் மைன்'. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 1875இல் பாஸ்டனிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பெண், கலிபோர்னியாவின் சுரங்க ஊர் ஒன்றில் வந்து இறங்கி, செத்துப்போன மாமாவின் பத்திரிகையை மறுபடி நடத்துகிறாள். அவள் வாயாடும் இடங்களில் நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ஒரு விஷயத்தை இப்போது சொல்லலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கதை நன்றாகப் போகும்போது உங்கள் குரல் சமையலறைக் குரலாக இருந்தது. பாத்திரங்கள் மனந்திரும்பும் பக்கம் வந்ததும், உங்களுக்கே தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கும் குரலாக மாறிவிடும். குப்புறப் படுத்தவளுக்கு வேறு வேலை என்ன? எங்கெங்கே மாறுகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். 'தி மாஸ்டர்பீஸ்' நாவலின் லாஸ் ஏஞ்சலஸ் ஓவியன், கோபமும் சுவரில் திருட்டுத்தனமாக வரைகிற பழக்கமுமாக, முதல் பாதியில் எவ்வளவு உயிரோடு இருந்தான்! அவன் இரட்சிக்கப்பட்டது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பின் அவன் பேச்சில் அவன் இல்லை.

பேரப்பிள்ளை வாசித்தது சார்லஸ் மார்ட்டினின் 'தி வாட்டர் கீப்பர்', 2020. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போகும் மேய்ப்பனை, புளோரிடா கரையோர நீர்வழியில் படகேற்றி, கடத்தப்பட்ட பெண்களை மீட்க அனுப்பினால் வருகிற கதை. படகும் துப்பாக்கியும் வரும் இடங்களை ராகம் போட்டு வாசித்தான். ஜெப வரிகளை எக்ஸ்பிரஸ் வேகத்தில் தாண்டினான். கேட்டால், "அது எல்லாத்திலயும் ஒண்ணுதான ஆச்சி, எப்படியும் கேட்டது கிடைச்சிரும்" என்றான். சின்னப் பையன் சொன்னதுதான் என் புகாரும். இந்த நாவல்களில் பலவற்றில் கடைசி அதிகாரத்துக்குள் ஜெபம் பலித்தே தீர வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டதுபோல் இருக்கிறது. நம் சபையில் எத்தனை வீட்டில் இருபது வருடமாக ஒரே விண்ணப்பம் ஓடுகிறது! அமெரிக்காவில் பழைய கால வழக்கப்படி வாழும் கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் பெண்ணின் தொப்பியை அட்டையில் போட்ட மூன்று புத்தகங்களும் இருந்தன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. அந்த வகைக் கதைகளை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ்காரர்களே இல்லை என்பதுதான் வேடிக்கை.

கொலுசுக்காரி, உனக்கு நான் பட்ட கடன் பெரிது. அமெரிக்க எழுத்தாளர் மேரிலின் ராபின்சனை நீதான் எடுத்தாய். 'கிலியட்' 2004இல் வந்து, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்ற நாவல். தமிழ் பைபிளில் கீலேயாத் என்று படித்த பெயர்தான் அந்த ஊருக்கு. அயோவாவில், 1956இல், எழுபத்தாறு வயதுக் குருவானவர் ஒருவர், இருதயம் இனி அதிக நாள் தாங்காது என்று தெரிந்து, ஏழு வயதுகூட நிரம்பாத மகனுக்கு எழுதும் நீண்ட கடிதம். அதில் ஓரிடம். இடி விழுந்து எரிந்துபோன கோயிலை ஊரார் மழையில் இடித்துச் சுத்தம் செய்கிறார்கள். பெண்கள் பாடுகிறார்கள். அப்பா, கரி படிந்த கையால் மகனுக்கு ஒரு பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுக்கிறார். அதை நற்கருணை அப்பம் வாங்கியதுபோல அந்த மகன் கிழவனான பிறகும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அங்கே நீ நிறுத்தினாய். உன் குரல் மாறவே இல்லை என்பதைக் கவனித்தேன். காபியும் ஸ்ட்ராவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினிக்கு இங்கிலீஷ் தெரியாது. நீ கதையைச் சொன்னதும், "அவளுக என்ன பாட்டுட்டி பாடுனாளுக?" என்று கேட்டார்கள். நீ அவர்கள் பாடிய சிலுவைப் பாட்டின் ராகத்தை முனகிக் காட்டினாய். மதினி பதிலுக்கு கிருஷ்ணபிள்ளையின் 'சத்தாய் நிஷ்களமாய்' முழுவதையும் பாடினார்கள். என் கண்ணிலிருந்து தண்ணீர் நேராகத் தரை ஓட்டில் சொட்டியது. மருந்து வழிகிறது என்று மதினி பஞ்சை எடுத்து வந்தார்கள். மருந்தில்லை மதினி.

அடுத்தது 'ஹோம்', 2008. அதே ஊர், இன்னொரு குருவானவர் வீடு. இருபது வருடம் கழித்து வீடு திரும்பிய ஓடுகாலி மகன் ஜாக். திரும்பி வந்த ஊதாரி மகனுக்கு அப்பா விருந்து வைக்கும் பைபிளின் கெட்டகுமாரன் கதைதான், ஆனால் விருந்தோடு முடியவில்லை. கிளம்புகிற மகன் கை நீட்டும்போது, வாழ்நாள் முழுக்க அவனுக்காக ஜெபித்த அப்பா தன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அலுத்துப்போய்விட்டதாம். விசுவாசம் உள்ள ஒரு மனிதரை இவ்வளவு உண்மையாக எழுதியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

2020இல் வந்த 'ஜாக்' கொஞ்சம் சோதித்தது. "டீச்சர், இவங்க இன்னும் கல்லறைத் தோட்டத்திலதான் இருக்காங்க" என்று மூன்றாம் நாளும் நீ சொன்னாய். பூட்டிய பெல்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்துக்குள் ராத்திரி முழுக்கப் பேசும் வெள்ளைக்கார ஜாக்கும் கறுப்பினப் பள்ளி ஆசிரியை டெல்லாவும். அவர்கள் ஊர் என் மகள் இருக்கும் செயின்ட் லூயிஸ்தான். அன்று அங்கே அவர்கள் கல்யாணம் செய்துகொள்வது சட்டப்படி குற்றம். டெல்லாவின் அப்பாவும் குருவானவர்தான். ஜாக்கைத் திட்டாமல், மரியாதையாகவே வேண்டாம் என்கிறார். அந்தப் பக்கத்தை மூடிவைத்து, "நம்ம சபையிலயும் இப்படித்தான டீச்சர், மரியாதையாத்தான் சாதி கேப்பாங்க" என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். நீ சொன்னது சரி.

மதினி, நீங்கள் ஒரு பக்கமும் வாசிக்கவில்லை. தலையணை நடுவில் முகம் வைக்கப் பஞ்சைப் பிடுங்கிக் குழி பண்ணினீர்கள், மணி தவறாமல் சொட்டு மருந்து விட்டீர்கள், என் தலைமுடியை ஈரத்துணியால் துடைத்தீர்கள். கதை ஓடும்போது "அவன் திருந்துவானாட்டி?" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் நானும் அதையே யோசித்தேன்.

குமிழி போன வாரம் கரைந்துவிட்டது. பெரிய எழுத்து என்றால் தெரிகிறது. பெட்டியில் ராபின்சனின் 'லைலா' மட்டும் மிச்சம். எட்டுப் பக்கம் நானே வாசித்தேன். வரிகள் நடுவில் லேசாக வளைகின்றன, டாக்டர் நேராகிவிடும் என்கிறார். கொலுசுக்காரிக்குப் பரீட்சை வெள்ளிக்கிழமை முடிகிறது. ஒன்பதாம் பக்கத்தில் மயிலிறகு வைத்திருக்கிறேன், அம்மா. சனிக்கிழமை சாயங்காலம் வா. மதினி அச்சுமுறுக்கு சுடுகிறார்களாம்.

உங்கள்,
பாளையங்கோட்டை டீச்சர்